ஆண்டறிக்கை 2024–25: பள்ளித் திட்டங்களைப் போய்ப் பார்த்த விவரம்

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் நிர்வாகக் குழு மாதாமாதம் கூடியது. ஆள் போதாமல் தள்ளிப்போன கூட்டங்களும் உண்டு. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுதந்திர தின விளையாட்டுப் போட்டி, நோட்டுப் புத்தகம் வழங்குதல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. புதிதாகச் செய்த வேலை ஒன்றுதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் எழுந்து, "பள்ளிக்கூடத்துக்கு எத்தனையோ திட்டம் வருதுங்க. பிள்ளைங்களுக்கு என்ன வந்து சேர்ந்ததுன்னு யாராவது பார்த்தீங்களா?" என்று கேட்டார். அதையே தீர்மானமாக்கி, நம் ஊர் ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு திட்டங்களைப் பார்த்துவர ஐவர் குழு அமைத்தோம். பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் நம் உறுப்பினர்கள் வழியாக அனுமதி கிடைத்தது. குறிப்பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வகுப்பில் நிற்கக் கூடாது என்பது தலைமையாசிரியர் போட்ட ஒரே நிபந்தனை. நியாயம்தான்.

முதலில் காலை உணவு. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்த திட்டம். நம் பள்ளியில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுவினர்; அங்கேயே படிக்கும் பிள்ளைகளின் அம்மாக்கள். அதனாலோ என்னவோ ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பட்டியலில் உள்ளபடியே தட்டுக்கு வந்தது. சாம்பார்தான் இடறியது. நம் ஊர்ச் சந்தை ஞாயிற்றுக்கிழமை என்பதால், வியாழன், வெள்ளிக்கிழமைகளில் அதில் காயைத் தேட வேண்டியிருக்கிறது. வார நடுவில் ஒரு முறை காய் வாங்கித் தரும் பொறுப்பைச் சங்கம் எடுத்துக்கொண்டது.

சரி, சாப்பாடு ஒழுங்காகப் போகிறது, பலன்? வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை, அது எப்போதும் நிறைந்தே இருக்கும். ஆகவே எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று பார்த்தோம். முன்பெல்லாம் முதல் பாடம் முடியும் நேரத்தில் வந்துசேரும் மேட்டுத் தெருப் பிள்ளைகள் இப்போது எட்டேகாலுக்கே வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ரத்தசோகை குறைந்ததா என்பதற்கு ரத்தப் பரிசோதனை வேண்டும். நாம் பார்த்துச் சொல்லும் காரியமில்லை. பிள்ளைகளின் கன்னம் பளபளக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்ததை இதில் சேர்க்கவில்லை.

அடுத்தது எண்ணும் எழுத்தும். 2025-க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் பிழையில்லாமல் வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று 2022 ஜூனில் தொடங்கினார்கள். தொடக்க நிலைக்கு அரும்பு, அதற்கு மேல் மொட்டு, அதற்கும் மேல் மலர் என்று மூன்று நிலை. பிள்ளை எந்த நிலையில் இருக்கிறதோ அதற்கேற்ற பயிற்சி. பாட்டு, படம், பொம்மலாட்டம் என்று வகுப்பு கலகலப்பாகத்தான் இருந்தது. செயலியிலும் மதிப்பெண்கள் முறையாக ஏறியிருந்தன. மேலதிகாரி யார் வந்து பார்த்தாலும் முழு மார்க் போடுவார்.

ஆனால் அரும்புக் குழுவில் இருந்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்தோம், தடங்கலின்றி வாசித்தாள். ஜூனில் அரும்பில் உட்கார்ந்தவள், அப்புறம் யாரும் அவளை மாற்றவில்லை. மலர்க் குழுப் பையன் ஒருவனோ பக்கத்தைத் திருப்பிய பிறகும் பழைய பாடத்தையே சரளமாகச் சொல்லிக்கொண்டு போனான். இந்தத் திட்டத்தின் உயிரே பிள்ளையை அவ்வப்போது சோதித்து இடம் மாற்றுவதுதான். மூன்று வகுப்புக்கும் ஒரே ஆசிரியை. பள்ளி விவரங்களைக் கணினியில் ஏற்றும் எமிஸ் பதிவும் அவர் தலையில். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. மாதக் கடைசி வெள்ளியன்று நம் உறுப்பினர் இருவர் போய் பிள்ளைகளை வாசிக்கவைத்துக் கேட்பது, யாரை எங்கே மாற்றுவது என்பதை ஆசிரியை முடிவு செய்வது என்று ஏற்பாடாகியிருக்கிறது.

மார்ச்சில் பிள்ளைகள் ஜூலையைவிட நன்றாக வாசித்தார்கள். அதைத் திட்டத்தின் வெற்றி என்று எழுதச் சிலர் சொன்னார்கள். எட்டு மாதம் பள்ளிக்கு வந்த பிள்ளை எப்படியும் கொஞ்சம் முன்னேறும். கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வில், விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டிருந்தது. அந்த மீட்சியில், தன்னார்வலர்கள் பள்ளி நேரத்துக்குப் பின் பாடம் சொல்லித்தந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் பங்கு சுமார் கால்வாசி. அதுவே பெரிய விஷயம்தான். ஆனால் ஒப்பிட்டுப் பார்க்காமல் இருந்திருந்தால் முழுப் பெயரும் அதற்கே போயிருக்கும். மத்தியப் பிரதேசத்தில் பள்ளிகளைத் தரம் பிரித்து மேம்பாட்டுத் திட்டம் எழுதவைத்த ஓர் ஏற்பாட்டையும் இப்படி ஆராய்ந்தார்கள். தாள்கள் எல்லாம் ஒழுங்காக நிரம்பியிருந்தன, பிள்ளைகளின் கற்றலில் மட்டும் மாற்றமில்லை.

நம் பள்ளி சிறியது. ஒரு பிள்ளை காய்ச்சலில் படுத்தாலே சதவீதம் புரண்டுவிடும். அதனால் இந்த அறிக்கையில் சதவீதம் போடவில்லை. அடுத்த ஆண்டு பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் அதே பத்தியை வாசிக்கவைத்து ஒப்பிட நிர்வாகக் குழு பரிந்துரைக்கிறது. நாம் நோட்டுப் புத்தகம் வழங்குவதால் என்ன பலன் என்பதையும் இப்படியே சோதித்துப் பார்க்கலாம் என்பது என் சொந்த யோசனை. பொருளாளருக்கு இதில் உடன்பாடில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும். இந்த அறிக்கையை ஏற்றுத் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்