மழைக்கு முன்னால் உங்கள் கார் பாலிசியை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்

வணக்கம்.

பென்ஸ், பிஎம்டபிள்யூ, ஆடி, வால்வோ, லேண்ட் ரோவர் என்று விலை கூடின கார் வைத்திருக்கிற எங்கள் சென்னை வாடிக்கையாளர்களுக்காக மட்டும் இதை எழுதுகிறோம். வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் உங்கள் பாலிசியின் ஷெட்யூல் பக்கத்தை (எது எதற்குக் காப்பு என்று பட்டியலிட்ட பக்கம்) எடுத்து நிதானமாகப் படித்துவிடுங்கள். "ஃபுல் இன்சூரன்ஸ் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருப்பவர்கள்தான் கிளெய்ம் நேரத்தில் லட்சக்கணக்கில் கைக்காசு போட்டுவிட்டு எங்கள் ஆபீஸில் வந்து உட்காருகிறார்கள். அதை மறுபடியும் பார்க்க எங்களுக்கு மனசில்லை.

முதலில் தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் எத்தனையோ கார்கள் நிறுத்திய இடத்திலேயே மூழ்கின. நிற்கிற வண்டிக்குள் வெள்ளம் புகுந்தால் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியே, அதாவது ஃபுல் இன்சூரன்ஸே, அந்தச் சேதத்துக்குப் பணம் கொடுக்கும், வெள்ளமும் புயலும் அதில் அடக்கம். சிக்கல் மறுநாள் காலையில்தான் ஆரம்பிக்கிறது. தண்ணீர் வடிந்ததும் 'ஓடுகிறதா பார்ப்போம்' என்று யாராவது ஸ்டார்ட் பட்டனை அழுத்துவார்கள். ஏர் இன்டேக் வழியாக சிலிண்டருக்குள் போன தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும், சில நேரம் இன்ஜின் பிளாக்கே உடைந்துபோகும். இதற்கு ஹைட்ரோஸ்டாட்டிக் லாக் என்று பெயர். இன்ஜின் போனது வெள்ளத்தால் நேரடியாக இல்லை, ஸ்டார்ட் செய்ததால்தான் என்று சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருகிறவர்) எழுதிவிட்டால் அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில்தான், அதுவும் இந்த ரகக் கார்களில் ஒரு இன்ஜின் மாற்றுகிற காசுக்கு ஒரு நல்ல சின்னக் காரே வாங்கிவிடலாம்.

இன்ஜின் புரொடெக்ட் என்ற ஆட்-ஆன் (கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்கிற காப்பு) இதற்காகத்தான் இருக்கிறது. சென்னையில் ஓடுகிற காருக்கு இதை எடுக்காமல் விடவே கூடாது என்பது எங்கள் கருத்து, பிரீமியத்தைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதையாவது வெட்டுங்கள். ஆனால் அது இருக்கிறது என்பதற்காக, தண்ணீரில் நின்றுபோன வண்டியை மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், அதைக் காரணம் காட்டியே கிளெய்மை மறுக்கலாம். இதை உங்கள் டிரைவரிடமும் இப்போதே சொல்லிவையுங்கள், ஏனென்றால் அன்றைக்குச் சாவி அவர் கையில்தான் இருக்கும். மொபைல் ஆப்பிலிருந்தே ஸ்டார்ட் செய்கிற வசதியுள்ள வண்டியென்றால் வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லிவையுங்கள். கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள். ஆல்-வீல் டிரைவ் வண்டியை அப்படி இழுத்தால் கியர்பாக்ஸும் சேர்ந்து போகும், ஃபிளாட்பெட் வண்டி வரவழைத்து ஏற்றுவதுதான் சரி. எலக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள், பேட்டரிக்கும் மோட்டாருக்கும் தனி ஆட்-ஆன் உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது ஐடிவி, அதாவது பாலிசியில் உங்கள் வண்டிக்குப் போட்டிருக்கிற மதிப்பு. வண்டி திருடுபோனாலோ முழுசாகச் சேதமானாலோ உங்கள் கைக்கு வருகிற தொகை இதை வைத்துத்தான். கார் கம்பெனி அறிவித்திருக்கிற விலையில் வண்டியின் வயதுக்கேற்ற தேய்மானத்தைக் கழித்து இதைப் போடுவார்கள், முதல் 6 மாதத்துக்கு 5 சதவீதம், இரண்டு வயது தாண்டி மூன்றுக்குள் என்றால் 30, நாலு தாண்டினால் 50, ஐந்து வயதுக்கு மேல் பேசி முடிவு செய்வது. ஆக, 60 லட்ச ரூபாய் கார் இரண்டரை வயதில் 42 லட்சம். ரினியூவலில் "இருபதாயிரம் குறைச்சுத் தர்றேன் சார்" என்று ஒருவர் வருகிறார் என்றால் முதலில் ஐடிவியைப் பாருங்கள், அது 34 லட்சமாக இறங்கியிருக்கலாம். மூன்றாம் நபர் பிரீமியத்தில் (உங்கள் வண்டியால் பிறருக்கு ஏற்படுகிற பாதிப்புக்கானது) யாரும் யாருக்கும் தள்ளுபடி தர முடியாது, அது அரசு நிர்ணயித்தது, 2022-ல் வந்த கட்டணப்படி 1500 சிசிக்கு மேற்பட்ட எந்தத் தனியார் காருக்கும் 7,897 ரூபாய்தான், பென்ஸானாலும் சரி இன்னோவாவானாலும் சரி. ஆகவே குறைத்த பணம் உங்கள் வண்டியின் பாதுகாப்பிலிருந்துதான் போயிருக்கும்.

இதில் பலருக்கும் தெரியாத ஒன்று. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை டோட்டல் லாஸ் (முழு இழப்பு) என்று முடித்துவிடுவார்கள். மேலே சொன்ன அதே காருக்கு 28 லட்சத்துக்கு எஸ்டிமேட் வருகிறது என்று வையுங்கள். ஐடிவி 42 லட்சமாக இருந்தால் எல்லை 31.5 லட்சம், வண்டியைச் சரிசெய்து கொடுப்பார்கள். 34 லட்சமாக இருந்தால் எல்லை 25.5 லட்சம்தான், வண்டியும் போச்சு, வருகிற பணமும் குறைவு. லோன் இருந்தால் அதிலும் பேங்க் பாக்கிதான் முதலில் கழியும்.

அப்புறம் ரோடு டாக்ஸ். 2023 நவம்பரிலிருந்து தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு 20 சதவீதம், அதாவது 60 லட்ச ரூபாய் காருக்கு 12 லட்சம். ஐடிவியில் இதில் ஒரு பைசாகூடச் சேராது. புது வண்டிக்கு ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் (ஐடிவிக்குப் பதிலாக வாங்கிய பில் விலையே கிடைக்கிற ஆட்-ஆன்) எடுத்து, அதில் ரோடு டாக்ஸும் ரிஜிஸ்ட்ரேஷனும் அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பம்பர் டு பம்பர் (மாற்றுகிற பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத ஆட்-ஆன்) பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோரும் கேட்டு வாங்குகிறீர்கள். அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக், ரப்பர், பேட்டரி, ஏர்பேக் எல்லாவற்றுக்கும் பாதிதான் கிடைக்கும். வருஷத்துக்கு எத்தனை கிளெய்ம் என்ற வரம்பு இருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் ஆட்-ஆனைத்தான் நிறையப் பேர் வேண்டாம் என்கிறார்கள். பள்ளத்தில் இறங்கி டயர் மட்டும் உப்பிக்கொண்டால் சாதாரண பாலிசி ஒன்றும் தராது, வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பாதி வரும். லோ புரொஃபைல் (பக்கச் சுவர் குட்டையான), ரன்-ஃபிளாட் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற) டயர் போட்டு ஸ்டெப்னியே இல்லாமல் ஓடுகிற வண்டிகளுக்கு இது அவசியம்.

சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருப்பவர்கள், டிரைவருக்கான லீகல் லயபிலிட்டி (வேலையில் அவருக்கு ஏதாவது ஆனால் நீங்கள் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்கான காப்பு) ஷெட்யூலில் இருக்கிறதா என்று பாருங்கள். வருஷத்துக்கு வெறும் 50 ரூபாய், இதை விட்டுவிடுவது அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றியாக வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் செய்யாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கிற தள்ளுபடி) உங்களுக்கு வராது, அது அவரோடு போய்விடும்.

ரினியூவல் ஜனவரிக்கு அப்புறம்தான் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பாலிசி நடுவில் ஆட்-ஆன் சேர்க்கப் பெரும்பாலும் விடமாட்டார்கள், அதனால் இந்த மழைக்கு உங்கள் வண்டிக்கு மேடான இடம்தான் காப்பு. 2024 அக்டோபரில் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, அவர்கள் செய்தது ரொம்பச் சரி. பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ளவர்கள் பக்கத்தில் மேட்டுப் பகுதியில் ஓர் இடத்தை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெட்யூல் பக்கத்தைப் போட்டோ எடுத்து, வழக்கமாக எங்களிடம் பேசுகிற எண்ணுக்கே அனுப்புங்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று குறித்து அனுப்புகிறோம். பாலிசி வேறு இடத்தில் போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, இதற்குக் காசு கிடையாது.

அன்புடன்,
உங்கள் இன்சூரன்ஸ் ஆபீஸ்