வெளிநாட்டு மாணவர் பிரிவுகளுக்கு ஒரு திறந்த மடல்

பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர் பிரிவுகளில் பணிபுரியும் அனைவருக்கும், வணக்கம்.

புதிய மாணவர்களுக்கு நீங்கள் நடத்தும் அறிமுக வகுப்பில் விசா, வங்கிக் கணக்கு, காப்பீடு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் வருகின்றன. திருமணமும் விவாகரத்தும் வருவதில்லை. அவரவர் சொந்த விஷயம் என்று விட்டுவிடுகிறீர்கள் போலும். ஆனால் படிக்கும் காலத்திலேயே மணம் முடிப்பவர்களும் உண்டு, பிரிபவர்களும் உண்டு. பாஸ்போர்ட் எந்த நாட்டினதோ அந்தச் சட்டம்தான் செல்லும் என்று ஒருவர் நம்புகிறார், தங்கியிருக்கும் நாட்டுச் சட்டம்தான் என்று இன்னொருவர். இரண்டுமே பாதிதான் சரி.

திருமணத்தில் குழப்பம் குறைவு. எங்கே நடக்கிறதோ அங்குள்ள முறைப்படி நடந்தால் பெரும்பாலும் மற்ற நாடுகளும் ஏற்கும். அந்த முறை என்ன என்பதைத்தான் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிரான்சில் நகராட்சியில் நடக்கும் திருமணம் மட்டுமே சட்டப்படி செல்லும், மதச் சடங்கு மட்டும் போதாது. ஆஸ்திரேலியாவில் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்புத் தர வேண்டும்.

விவாகரத்துதான் சிக்கல். மணம் நடந்த நாடு என்பதற்காக மட்டும் பல நாடுகளில் வழக்குப் போட முடியாது, வசிப்பிடத்தைப் பார்ப்பார்கள். கனடாவில் கணவன் மனைவி இருவரில் ஒருவராவது அந்த மாகாணத்தில் ஓராண்டு வசித்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் மணமாகி ஓராண்டு ஆகாமல் விண்ணப்பிக்கவே முடியாது. அதன் பிறகும் 20 வாரம், மேலும் 6 வாரம் என்று காத்திருப்பு உண்டு. ஓராண்டு முதுகலைக்கு வந்தவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அப்புறம், எந்தச் சட்டப்படி தீர்ப்பு? இங்கிலாந்து நீதிமன்றம் தன் சட்டத்தையே பின்பற்றும். ஐரோப்பிய ஒன்றியத்தின் பல நாடுகளில் 2012 முதல் வேறு ஏற்பாடு. ஒருவர் ஜெர்மனியில் படிக்கிறார், அவருடைய துணைவர் சொந்த நாட்டிலேயே இருக்கிறார், இருவரும் ஒரே குடியுரிமை என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு சட்டத்தை அவர்கள் எழுத்தில் தேர்ந்தெடுக்காதவரை, ஜெர்மன் நீதிபதி பொதுவாக அவர்களுடைய நாட்டுச் சட்டத்தைத்தான் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். இப்படித் தேர்ந்தெடுக்க உரிமை இருக்கிறது என்று எத்தனை மாணவர்களிடம் சொல்லியிருக்கிறீர்கள்?

வாங்கிய தீர்ப்பைச் சொந்த நாடு ஏற்குமா என்பது அடுத்த கேள்வி. இந்து முறைப்படி மணந்த ஒரு தம்பதிக்கு அமெரிக்காவின் மிசௌரி நீதிமன்றம் அளித்த விவாகரத்தை இந்திய உச்ச நீதிமன்றம் 1991-இல் ஏற்கவில்லை. அவர்களுடைய திருமணச் சட்டம் அங்கீகரிக்கும் நீதிமன்றமும் அல்ல, அது அனுமதிக்கும் காரணமும் அல்ல என்றது. இந்த நிலையில் சிக்கியவர் ஒரு நாட்டில் விவாகரத்தானவர், இன்னொரு நாட்டில் மணமானவர். மறுமணம் செய்தால் இருதார மணக் குற்றச்சாட்டு வரை போகலாம்.

இதில் யாரும் கவனிக்காமல் விடப்படுவது, மாணவரின் விசாவைச் சார்ந்து வந்த துணைவர். அமெரிக்காவின் எஃப்-2 விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை, விவாகரத்து முடிந்ததும் அந்த விசா நிலையும் போய்விடும். சம்பாத்தியம் இல்லாதவர் எந்தப் பணத்தில் வழக்கறிஞரை அமர்த்துவார்? உங்கள் மின்னஞ்சல்கள்கூட மாணவருக்குத்தான் போகின்றன. வீட்டில் அடி வாங்குகிறவருக்கு, அடிக்கிறவர் வழியாகத் தகவல் அனுப்பி என்ன பயன்?

நீங்கள் வழக்கு நடத்த வேண்டாம். அறிமுக வகுப்பில் ஒரு மணி நேரம் ஒதுக்கி, எல்லை தாண்டிய குடும்ப வழக்குகள் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பேச வையுங்கள். சட்டத் துறை உள்ள இடங்களில் அங்குள்ள இலவச ஆலோசனை மையத்தின் முகவரியைக் கையேட்டில் சேருங்கள். துணைவர்களின் மின்னஞ்சலைத் தனியாக வாங்கி, அவர்களுக்கு நேரடியாக எழுதுங்கள். 'ஊருக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்ற ஆலோசனையை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். திரும்பி வர விசா இல்லாமல் போனால் வழக்கும் கைவிட்டுப் போகலாம்.

இப்படிக்கு,
மாணவர் குடும்பங்களின் நலம் விரும்பும் ஒருவர்