ஓடுபாதைக்குப் போகும் முன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு நினைத்த கல்லூரியே கிடைத்ததில் எங்களுக்கும் மகிழ்ச்சி. விமானம் ஓட்டப் பழகப் போவதாகக் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாய். ஓட்டுவதைப் பயிற்றுநர் சொல்லிக்கொடுத்துவிடுவார். அமெரிக்காவில் பொழுதுபோக்கு விமானிகள் மாட்டிக்கொள்வதெல்லாம் பெரும்பாலும் தரையில் பார்க்காமல் விட்ட ஏதோ ஒன்றால்தான். அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குடிமக்கள் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பயிற்றுநர் லாக்புக்கில் (பறத்தல் பதிவேட்டில்) ஒரு குறிப்பு எழுதிவிட்டு ஆரம்பித்துவிடுவார். கிரீன் கார்டு வைத்திருந்தாலும் நீ அந்தக் கணக்கில் வரமாட்டாய். போக்குவரத்துப் பாதுகாப்பு நிறுவனமான டி.எஸ்.ஏ.வின் விமானப் பயிற்சிப் பாதுகாப்புத் திட்டத்தில் இணையம் வழியாக விண்ணப்பித்து, கைரேகை கொடுத்து, ஒப்புதல் வந்த பிறகே பறக்கும் பயிற்சியைத் தொடங்கலாம். 2024இல் விதிகளைத் திருத்தியபின் அந்த ஒப்புதல் ஐந்து ஆண்டு வரை செல்லும் என்பது பெரிய ஆறுதல். நம் ஆட்களுக்கு இதில் சிக்கல் பெயரில்தான் வரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால், வேறொரு தாளில் வெறும் இனிஷியல் என்று இருந்தால் விண்ணப்பம் கேள்வியோடு திரும்பும். எல்லாப் படிவங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுது. காத்திருக்கும் நாள்களில் எழுத்துத் தேர்வுக்குப் படித்துவிடு.

மாணவ விமானி சான்றிதழுக்கு, விமானப் போக்குவரத்தை நடத்தும் அரசு அமைப்பான எஃப்.ஏ.ஏ.வின் ஐ.ஏ.சி.ஆர்.ஏ. என்ற இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2016 ஏப்ரலிலிருந்து அதையும் டி.எஸ்.ஏ. சரிபார்த்த பிறகே எஃப்.ஏ.ஏ. தருகிறது. தனியாகப் பறக்க அது கையில் இருக்க வேண்டும். பின்னால் வீடு மாறினால் 30 நாளுக்குள் புது முகவரியை எஃப்.ஏ.ஏ.வுக்குத் தெரிவித்துவிடு, தவறினால் 31ஆம் நாளிலிருந்து நீ ஓட்டக் கூடாது.

மருத்துவச் சான்றில் அவசரப்படாதே. சர்க்கரைக்கோ மன அழுத்தத்துக்கோ மருந்து எடுப்பவர், படிவத்தை நிரப்பும் முன்பே விமான மருத்துவர் ஒருவரிடம் ஆலோசனையாகப் பேசிவிடுவது நல்லது. வெறும் கார் ஓட்டுநர் உரிமத்தை வைத்தே பறக்க அனுமதிக்கும் ஸ்போர்ட் பைலட் வழி, மருத்துவ விண்ணப்பமே போடாதவருக்குத் திறந்திருக்கும். போட்டு நிராகரிக்கப்பட்டவருக்கு அடைபட்டுவிடும். கேட்க விநோதமாக இருக்கும், ஆனால் விதி அதுதான். நாற்பதைத் தாண்டியவருக்கு, பொழுதுபோக்கு விமானிகளுக்குப் போதுமான மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று 24 மாதம் செல்லும்.

ரெக்ரியேஷனல் பைலட் உரிமம் பற்றிக் கேட்டிருந்தாய். அதற்குக் குறைந்தபட்சம் 30 மணி நேரப் பறத்தல்தான் தேவை, வழக்கமான தனியார் விமானி உரிமமான பிரைவேட் பைலட்டுக்கு 40. ஆனால் கூட ஒரே ஒரு பயணி, புறப்பட்ட இடத்திலிருந்து 50 கடல் மைல், சூரியன் மறைந்தபின் பறக்கக் கூடாது என்று கட்டுகள் அதிகம். கட்டுப்பாட்டுக் கோபுரம் உள்ள விமான நிலையத்துக்குப் போவதென்றால் தனிப் பயிற்சியும் பயிற்றுநர் கையெழுத்தும் வேண்டும். மிச்சமாகும் பத்து மணி நேரத்துக்கு இது நல்ல பேரமாக எனக்குப் படவில்லை. நேராக பிரைவேட்டுக்கே போ.

இனி டி.எஃப்.ஆர்., அதாவது தற்காலிக வான்தடை. அதிபர் ஓர் ஊருக்கு வந்தால் வழக்கமாக 10 கடல் மைல் ஆரத்துக்குள் உன்னைப் போன்றவருக்கு இடமே இல்லை. 30 மைல் வரை உள்ள வெளிவட்டத்தில் ஃப்ளைட் பிளான் (பயணத் திட்டம்) போட்டு, ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் உனக்கென்று தந்த எண்ணை வைத்து, கட்டுப்பாட்டாளரோடு பேசிக்கொண்டே நேராகக் கடந்து போகலாம்; வட்டமடிப்பதும் பயிற்சியும் கூடாது. இதில் பலரும் தவறுவது நேரத்தில். அறிவிப்பு யு.டி.சி., அதாவது உலகப் பொது நேரத்தில் வரும். ஞாயிறு 0100 என்று போட்டிருந்தால், கோடையில் சிகாகோவில் அது சனிக்கிழமை இரவு 8 மணி. நாளே மாறிவிடுகிறது பார். நேரங்களைக் கடைசி நிமிடத்தில் மாற்றவும் செய்வார்கள். முந்தைய இரவு பார்த்தது போதாது, என்ஜினைக் கிளப்பும் முன் இன்னொரு முறை பார். டேப்லெட்டில் வட்டம் தெரியவில்லை என்பதை நம்பாமல் விமானிகளுக்குத் தகவல் சொல்லும் ஃப்ளைட் சர்வீஸை ஃபோனில் கேள். நீ கேட்டதற்குப் பதிவும் இருக்கும்.

விளையாட்டரங்குகளின் தடை இன்னும் நயவஞ்சகமானது. 30,000 பேரோ அதற்கு மேலோ அமரும் அரங்கில் பெரிய லீக் பேஸ்பால், என்.எஃப்.எல். என்ற தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து, முதல் பிரிவுக் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து போன்றவை நடந்தால், ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து முடிந்து ஒரு மணி நேரம் வரை, 3 கடல் மைல் ஆரத்துக்குள், தரையிலிருந்து 3,000 அடி வரை போகக் கூடாது. பொதுவான அறிவிப்பு ஒன்றுதான் இருக்கும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு ஆட்டம் என்பதை நீயே தேடிக்கொள்ள வேண்டும். ஆட்டம் நீண்டால் தடையும் நீளும்.

வாஷிங்டன் பக்கம் போவதென்றால் தனிப் பாடமே உண்டு. அங்கே 60 கடல் மைலுக்குள் கண்பார்வை விதிப்படி, அதாவது வெளியே பார்த்தே வழி கண்டு, பறக்க எஃப்.ஏ.ஏ.வின் இணையப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 30 மைலுக்குள், அப்படிப் பறப்பவர் டிரான்ஸ்பாண்டரில் வழக்கமாக வைக்கும் 1200 எண் செல்லாது. அங்கு போடும் சிறப்பு ஃப்ளைட் பிளான் பாதுகாப்புக்கு மட்டும்தான். நீ வந்து சேராவிட்டால் அதை வைத்து யாரும் தேட மாட்டார்கள்.

எல்லாவற்றையும் மீறி ஒரு போர் விமானம் பக்கத்தில் வந்து இறக்கையை ஆட்டினால், நீயும் ஆட்டு, அது திரும்பும் பக்கம் பின்தொடர். அவசர வானொலி அலைவரிசையான 121.5இல் பேசு, வேறு எண் தராவிட்டால் டிரான்ஸ்பாண்டரில் 7700 வை. பதற்றத்தில் 7500இல் கை போய்விடக் கூடாது, அது கடத்தலுக்கு உரியது. அந்த விமானம் சட்டென்று விலகி மேலே ஏறித் திரும்பினால் நீ போகலாம் என்று பொருள். சக்கரத்தை இறக்கி ஒரு விமான நிலையத்தைச் சுற்றினால், அங்கே இறங்கு.

தெரியாமல் தடைக்குள் நுழைந்துவிட்டால் பத்து நாளுக்குள் நாசா நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கைத் திட்டமான ஏ.எஸ்.ஆர்.எஸ்.ஸின் படிவத்தை அனுப்பிவிடு. வேண்டுமென்று செய்யாத மீறலாகவும், முந்தைய ஐந்து ஆண்டில் வேறு மீறல் நிரூபணமாகாமலும் இருந்தால் அபராதமோ உரிம இடைநீக்கமோ விதிக்க மாட்டார்கள். மீறல் பதிவில் மட்டும் இருக்கும். விபத்துக்கும் குற்றத்துக்கும் அந்தச் சலுகை கிடையாது. அனுப்பியதற்கான ரசீதுச் சீட்டைத் தொலைக்காதே.

எந்த விமான நிலையத்தில் பழகப் போகிறாய் என்று எழுது. அந்தப் பகுதியின் வரைபடத்தை எடுத்துப் பார்த்து, சுற்றிலும் எந்தெந்த அரங்குகள், தடைப் பகுதிகள் இருக்கின்றன என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்