பிரேசிலின் குறை முன்வரிசையில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

மாம்பழப் பருவத்தில் கிருஷ்ணகிரி மண்டிகளில் இரவெல்லாம் லாரிகளில் லோடு ஏறும். இந்த ஆண்டு கால்பந்து உலகக் கோப்பை வாக்குவாதமும் சேர்ந்துகொண்டது. எடைத் தராசின் மேல் செல்போனைச் சாய்த்துவைத்து, பிரேசில் அணியில் முன்கள நட்சத்திரம் நெய்மர் வேண்டுமா வேண்டாமா என்று தொண்டை கிழியப் பேசுகிறார்கள். (செல்போனின் எடையும் மாங்காய்க் கணக்கில் ஏறிவிடுமோ என்பது என் தனிக்கவலை.)

நெய்மரா பிரச்சினை? 2002-இல் கோப்பையை வென்ற பிறகு பிரேசிலை வெளியேற்றியவர்களைப் பாருங்கள்: பிரான்ஸ், நெதர்லாந்து, ஜெர்மனி, பெல்ஜியம், குரோஷியா. அத்தனையும் ஐரோப்பிய அணிகள். 2022 காலிறுதியில் கூடுதல் நேரத்தில் நெய்மர் அருமையான கோல் போட்டார். கடைசி நிமிடங்களில் பந்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தியிருக்கலாம். இவர்களோ இன்னொரு கோலுக்கு ஆசைப்பட்டு முன்னே ஓடினார்கள். 117-ஆவது நிமிடத்தில் குரோஷியா சமன் செய்தது. பெனால்டியில் கதை முடிந்தது.

இத்தாலியரான அன்செலோட்டி பயிற்சியாளராக வந்திருப்பது ஆறுதல். ஆனாலும் தென் அமெரிக்கத் தகுதிச்சுற்றில் ஐந்தாம் இடம் பிடித்த அணியை நம்பிப் பந்தயம் கட்ட மாட்டேன். அர்ஜென்டினா ரசிகர்கள் சிரிக்க வேண்டாம். 2022-இல் கத்தாரில் நடந்த உலகக் கோப்பையில் சவுதி அரேபியாவிடம் தோற்றது மறந்துபோயிற்றா?

ஒரு வேண்டுகோள். ஆட்ட அட்டவணையை இந்திய நேரப்படி வெளியிடுங்கள். அமெரிக்காவில் ஜூலை 19 பிற்பகல் நடக்கும் இறுதிப்போட்டி நமக்கு 20-ஆம் தேதி நள்ளிரவு 12.30 மணிக்கு. தேதியைக் குழப்பிக்கொண்டு, எல்லாம் முடிந்தபின் டிவி முன் உட்காருகிறவர்கள் எங்கள் ஊரில் உண்டு.

– ஒரு வாசகர், கிருஷ்ணகிரி