ஐஸ் ஹவுஸ் பற்றிப் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பாஸ்டன் பக்கத்து ஃப்ரெஷ் பாண்ட் ஏரி உறைந்து கிடக்கும் படத்தை அனுப்பியிருந்தாய். அந்த ஏரியின் பனிக்கட்டி ஒரு காலத்தில் நம் மெரினாவில் வந்து இறங்கியது தெரியுமா? பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் செய்த வேலை அது. குதிரை இழுக்கும் ஒருவகைக் கலப்பையால் ஏரியின் மேல் கோடு கிழித்து, சதுரம் சதுரமாக அறுத்தெடுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றினார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு நாலு மாதப் பயணம். 1833இல் முதல் கப்பல் கல்கத்தாவுக்கு 180 டன்னோடு கிளம்பியது. வழியில் கரைந்தது போகச் சுமார் 100 டன் போய்ச் சேர்ந்தது.

அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலிலேயே தள்ளி நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். வெயிலில் இறங்கும் ஐஸை உடனே உள்ளே வைக்க வேண்டாமா? அதற்காக 1842இல் கடலோரத்திலேயே கட்டியதுதான் ஐஸ் ஹவுஸ். பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த ஐஸ் வீடுகள் போய்விட்டன, நம்முடையது மட்டும் நிற்கிறது.

1880 வாக்கில் இங்கேயே இயந்திரத்தில் ஐஸ் செய்ய ஆரம்பித்ததும் டியூடர் வியாபாரம் படுத்துவிட்டது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் அதை வாங்கினார். ஐஸ் வைக்கக் கட்டிய இடத்தில் காற்று எப்படி வரும்? அவர்தான் ஜன்னல்களும் வட்டமான வராந்தாக்களும் வைத்து வீடாக்கினார். நீதிபதி கெர்னன் நினைவாகக் 'கெர்னன் கோட்டை' என்று பெயரும் வைத்தார். மேல்நாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை அங்கேதான் தங்கினார். 1963இல், அவருடைய நூற்றாண்டின்போது, அது விவேகானந்தர் இல்லம் ஆனது. ஆனாலும் அந்தப் பக்கத்துக்காரர்கள் வாயில் இன்றும் ஐஸ் ஹவுஸ்தான்.

இவ்வளவையும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் உனக்குச் சொல்ல நினைத்தது வேறு. 1917இல் அரசாங்கம் அந்தக் கட்டடத்தை வாங்கியது. அப்போது அங்கே யார் தங்கியிருந்தார்கள் தெரியுமா? இளம் விதவைகள். பத்து வயதிலும் பன்னிரண்டு வயதிலும் தாலி அறுந்த பிராமணப் பெண் குழந்தைகள். தலையை மழித்து, எதிரே வந்தாலே சகுனத்தடை என்று வீட்டு மூலையில் உட்கார வைத்த காலம் அது. அவர்களைக் கூட்டிவந்து படிக்க வைத்தவர் சிஸ்டர் சுப்பலட்சுமி. அவரும் பதினோரு வயதில் கல்யாணமாகி, சீக்கிரமே கணவனை இழந்தவர்தான். அப்பாவும் சித்தியும் துணை நின்று படிக்க வைத்தார்கள், 1911இல் பி.ஏ. முடித்தார். சென்னை மாகாணத்தில் அதற்கு முன் எந்த இந்து விதவையும் பட்டம் வாங்கியதில்லை.

அந்தக் குழந்தைகளுக்கு மெரினா எப்படி இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வாசலைத் தாண்டாதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள், வராந்தாவில் வந்து நின்றால் எதிரே அத்தனை பெரிய கடல்! அவர்களில் பலர் டீச்சர் ஆனார்கள்.

பக்கத்திலேயே 1922இல் ஆரம்பித்த லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரிக்கும் சுப்பலட்சுமிதான் முதல் முதல்வர். நான் பி.எட். படித்தது அங்கேதான் என்று உனக்குத் தெரியும். சாயங்காலம் வகுப்பு விட்டதும் அந்த வட்டச் சுவரை ஒட்டித்தான் பஸ்ஸுக்கு நடப்பேன். உப்புக்காற்றில் காரை உதிர்ந்து செங்கல் தெரியும். படித்துவிட்டு வேலைக்குப் போவது எனக்கு எவ்வளவு சாதாரண விஷயமாக இருந்தது! அதைச் சாதாரணமாக்கியவர்கள் அந்தச் சுவருக்குள் இருந்தவர்கள். இப்போது உள்ளே இருக்கும் கண்காட்சி நன்றாகவே இருக்கிறது. ஆனால் இந்தப் பெண்களின் கதையை இன்னும் பெரிதாக, வாசலிலேயே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, டிசம்பரில் நீங்கள் வரும்போது பேத்தியை நானே அங்கே கூட்டிப்போகிறேன். பனிக்கட்டி வந்த கதையை நீ முன்னாடியே சொல்லி வை. சுப்பலட்சுமி கதையை மட்டும் எனக்கு விட்டுவிடு.

அன்புடன்,
அம்மா