உறுமலுக்கு நடுவே ஒரு பியானோ

அன்புள்ள சேகர்,

நலம்தானே? உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சையில் நாள்கள் ஓடிவிட்டன. இப்போது நன்றாகத் தேறி, டிவி சத்தம் போதவில்லை என்று என்னோடு சண்டை போடுகிறாள். கண்ணுக்குத்தானே வைத்தியம் பார்த்தோம் என்று கேட்டால் பதில் இல்லை.

நான் அனுப்பிய, ஓபெத் என்ற சுவீடன் மெட்டல் குழுவின் பாட்டைக் கேட்டுவிட்டு, "கொஞ்ச நேரம் தாலாட்டு, கொஞ்ச நேரம் பேய் பிடித்த உறுமல். இதில் எந்த ஆள் நிஜம்?" என்று எழுதியிருந்தாய். இரண்டும் ஒரே ஆள்தான், அந்தக் குழுவின் பாடகர் மிக்கேல் ஓகெர்ஃபெல்ட். 2009இல் இங்கே சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் ஓபெத் வாசித்தபோது, தங்கை கல்யாண வேலை என்று நீ வராமல் போனாய். வந்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது.

1990இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய குழு அது. அப்போது அங்கே டெத் மெட்டல் என்ற உறுமல் பாணி ராக் இசை கொடிகட்டிப் பறந்தது. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து வந்த மார்பிட் ஏஞ்சல் குழுவை அந்தப் பையன்கள் கரைத்துக் குடித்திருந்தார்கள். உறுமல் அந்தப் பக்கத்துச் சொத்து. ஆனால் ஓகெர்ஃபெல்ட் பழைய இசைத்தட்டு சேர்க்கும் பைத்தியமும்கூட. எழுபதுகளில் யாரும் வாங்காமல் தூசி படிந்த தட்டுகள் என்றால் அவருக்கு உயிர்.

எனக்குப் பிடித்ததே இதுதான்: வாங்கிய கடனை அவர் மறைப்பதில்லை, அட்டையிலேயே எழுதிவிடுகிறார். 2001இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்' ஆல்பத்தின் பெயர், 1972இல் ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டுக் காணாமல் போன ஜெர்மானியக் குழு ஒன்றின் பெயர். 1998இல் வந்த 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹர்ஸ்' என்ற தலைப்போ, கோமஸ் என்ற ஆங்கிலேயக் குழுவின் பாட்டு வரியிலிருந்து எடுத்தது.

இந்தக் கோமஸைத் தேடிப் போய் நான் பட்ட பாடு! வெளிநாட்டிலிருந்து வரவழைத்த சிடி, பெட்டி நொறுங்கிப் போய்தான் கைக்கு வந்தது. நல்லவேளை, தட்டு பிழைத்தது. 1971இல் வந்த முதல் ஆல்பம். அதில் மின்கிதாரின் இரைச்சல் இல்லை, டிரம் செட் இல்லை. அகூஸ்டிக் கிதார், வயலின், புல்லாங்குழல், கை மேளம் இவைதான் பெரும்பாலும். ஆனால் ராத்திரி தனியாகக் கேட்க முடியவில்லை, சேகர். பயமுறுத்துவதற்குச் சத்தம் தேவையில்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஓபெத் பாட்டில் உறுமல் சட்டென்று நின்று ஒற்றைக் கிதார் கேட்கும் இடம் ஏன் முதுகைச் சில்லிட வைக்கிறது என்பதும்தான். கோமஸ் அன்று விற்கவில்லை, குழுவும் கலைந்தது. 2008இல் சுவீடனில், ஒரு கப்பலில் நடந்த விழாவுக்காக மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். எங்கோ விதைத்தது எங்கோ முளைத்திருக்கிறது பார்.

தாலாட்டு எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். கேமல் என்ற இன்னொரு ஆங்கிலேயக் குழுவின் 'நெவர் லெட் கோ' பாட்டையும் ஓபெத்தின் 'பினைட்டெட்' பாட்டையும் அடுத்தடுத்துக் கேள். தொடக்கத்தில் அண்ணன் தம்பி ஜாடை தெரியும். 2003இல் வந்த 'டாம்னேஷன்' ஆல்பத்தில் உறுமலே கிடையாது. மெலோட்ரான் என்ற பழைய கீபோர்டின் ஒலிதான் அதில் பனிமூட்டம்போல் பரவிக்கிடக்கிறது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு துண்டு ஒலிநாடா ஓடும், சுமார் 8 நொடியில் தீர்ந்துவிடும். விநோதமான பெட்டி அது.

அப்புறம் 2011இல் 'ஹெரிட்டேஜ்'. உறுமலை மொத்தமாக விட்டுவிட்டார்கள். ரசிகர்களில் பாதிப்பேர் வைதார்கள். நானும் வைதேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் முதல் இரண்டு நிமிடம் பியானோதான். சுவீடன் நாட்டுப்புற மெட்டுகளை ஜாஸ் பியானோவில் வாசித்த யான் யொஹான்சன் வழியில் வருகிறது அது. அவர் 1968இல் கச்சேரிக்குப் போகும் வழியில் கார் விபத்தில் இறந்துபோனவர். அவருடைய 'யாஸ் போ ஸ்வென்ஸ்கா' ஆல்பத்தைக் கேட்ட பிறகுதான் ஹெரிட்டேஜ்மேல் எனக்கிருந்த கோபம் தணிந்தது. ஊர் மெட்டை அவசரமில்லாமல், நடுவில் இடைவெளி விட்டு வாசிக்கிறார். பியானோவும் டபுள் பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியமும் மட்டும்தான்.

2024இல் வந்த ஆல்பத்தில் உறுமல் திரும்பிவிட்டது. கூடவே ஜெத்ரோ டல் என்ற பழைய ஆங்கிலேய ராக் குழுவின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழல் வாசிக்கிறார், கதைசொல்லியாகப் பேசவும் செய்கிறார். இந்த முறை கடன் கொடுத்தவரே நேரில் வந்துவிட்டார்!

சரி, நீ முதலில் டாம்னேஷனில் தொடங்கு. பிடித்தால் பிளாக்வாட்டர் பார்க். கோமஸை மட்டும் பகலில் கேள். பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, வரும்போது என்னிடம் வாங்கிப்போன ஹெட்போனையும் மறக்காமல் எடுத்து வா. நான்கு வருஷமாகக் கேட்கிறேன்.

அன்புடன்,
ரவி