மெசேஜ் பக்கத்து மேசைக்குப் போகிறது: உங்கள் லேன் மெசஞ்சர் பற்றிய புகார்

வணக்கம்.

சிவகாசியில் காலண்டர் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆபீஸுக்குள் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்கு மெசேஜும் ஃபைலும் அனுப்பும் உங்கள் லேன் மெசஞ்சர் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும் என்று நீங்கள் சொன்னதை நம்பி 12 கம்ப்யூட்டருக்கு லைசென்ஸ் வாங்கினேன். ஓடத்தான் செய்கிறது, ஆனால் அனுப்பும் மெசேஜ் யாருக்குப் போகிறது என்பதுதான் தெரியவில்லை.

பில் போடும் இரண்டு உபுண்டு (லினக்ஸ்) கம்ப்யூட்டருக்கும் அக்கவுண்ட்ஸ்-கவுண்டர்-1, அக்கவுண்ட்ஸ்-கவுண்டர்-2 என்று ஆங்கிலத்தில் பெயர். கோடு, எண் எல்லாம் சேர்த்து 18 எழுத்து. என் விண்டோஸில் உங்கள் மெசஞ்சரைத் திறந்தால் பெயர் 15 எழுத்தோடு அறுந்து, அதுவும் பெரிய எழுத்தில், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு வரியாக நிற்கிறது. "ரேட் இன்னும் பேசி முடியவில்லை, பில் போடாதீர்கள்" என்று போன வாரம் இரண்டாம் கவுண்டருக்கு அனுப்பியது முதல் கவுண்டருக்குப் போய்விட்டது, இரண்டாம் கவுண்டரில் பழைய ரேட்டில் பில் போட்டு பார்ட்டி கையில் கொடுத்தாகிவிட்டது, அப்புறம் அவரிடம் நான் பட்டது எனக்குத்தான் தெரியும்.

நெட்வொர்க்கில் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிக்கும் பழைய முறைதான் நெட்பயாஸ், அந்தப் பெயருக்கு 16 இடம்தான், கடைசி இடம் அது என்ன சேவை என்று குறிக்கப் போய்விடும், மீதி 15 என்று எங்கள் சிஸ்டம் பையன் சொன்னான். 16 இடம் என்பது 1987-லேயே எழுதி வைத்த விதியாம். சரி, விதி பழசு, அதை யாரும் மாற்றச் சொல்லவில்லை. இன்ஸ்டால் செய்யும்போதே "பெயர் நீளம், வெட்டப்படும்" என்று ஒரு வரி காட்ட உங்களுக்கு என்ன கஷ்டம்?

இன்னொன்று. டிசைனரின் பழைய மேக்கிலிருந்து 'பொங்கல் காலண்டர்' என்ற ஃபைல் உங்கள் மெசஞ்சர் வழியாக உபுண்டுவுக்கு வந்தது. 'பொங்கல்' என்று தேடினால் கிடைக்கவில்லை, ஆனால் கண்ணெதிரே இருக்கிறது. விண்டோஸில் அதே பெயரை டைப் செய்து சேமித்துத் திரும்ப அனுப்பினால் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன! அந்தப் பழைய மேக் 'பொ'வில் உள்ள கொம்பையும் காலையும் தனித்தனியாகப் பிரித்து வைக்கிறதாம், மற்றவை ஒரே குறியாக வைக்கின்றனவாம். அனுப்பும்போது ஒரே மாதிரி ஆக்கிவிடுவது உங்கள் வேலை இல்லையா? எந்த ஃபைல் திருத்தியது என்று தெரியாமல் ஒரு செட் பிளேட் வீணாகிவிட்டது.

கவுண்டர் பெயர்களை இப்போதைக்கு நானே சுருக்கி வைத்துவிட்டேன். இந்த இரண்டையும் எப்போது சரி செய்வீர்கள் என்று தேதி போட்டு எழுதுங்கள், முடியாது என்றால் மீதி மாதங்களுக்கான பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். "ரீஇன்ஸ்டால் செய்து பாருங்கள்" என்று மட்டும் பதில் போட வேண்டாம், மூன்று தடவை செய்தாகிவிட்டது.